பதினான்காவது கொக்கி

ஜூலை 3

அன்பு அக்காவுக்கு,

உன் முகவரியை அம்மாவிடம் வாங்கினேன். “நான் குடுத்தேன்னு எழுதிறாதடி” என்றாள். எழுதிவிட்டேன். நீ போனை எடுப்பதில்லை. நான் போனில் பேசத் தெரியாதவள். நமக்குக் கடிதம்தான் சரி.

பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு மேடம், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் பள்ளி நேரத்தில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று ஆராய்கிறார். நான் அவருக்கு உதவியாள். காலையில் குழந்தைகளின் இடுப்பில் ஆளுக்கொரு பட்டை கட்டுவேன். அதில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கருவி. குழந்தை நடந்தால், குதித்தால், ஓடினால் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளும். மாலையில் கணினியில் இறக்கினால் ஓடியது மலை மாதிரி தெரியும். உட்கார்ந்தது தரையோடு தரையாகக் கிடக்கும்.

பதினோரு பள்ளிகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது நீ வேலை பார்த்த பள்ளி. மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். பெரிய மிஸ்ஸிடம் நான் உன் தங்கை என்றும் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

அக்கா, அந்தக் குழந்தைகள் அசைவதே இல்லை. வகுப்பில் ஒரு பெரிய பாய். அதில் பெயின்ட்டால் கட்டம் போட்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கட்டம். “கட்டத்துக்குள்ள இரு” என்பதுதான் அங்கே நாளெல்லாம் கேட்கிற வார்த்தை. முற்றத்துக் கதவில் பூட்டு. ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் நடக்கிறார்கள், அதுவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. மற்றப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்கள், “பிள்ளைங்க பின்னாடி ஓடி ஓடி இடுப்பு ஒடியுது” என்கிறார்கள். என்னிடம் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் யாரோ தூங்குகிற வீட்டில் இருப்பது போல இருக்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். என்னிடம் பதினான்கு பட்டைகள். பதினான்காவது உபரி, எது பழுதானாலும் மாற்றிக் கட்ட. வகுப்பில் பை மாட்டும் கொக்கிகளில் கடைசி ஒன்று காலியாக இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த படத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள், பசைத் தடம் மட்டும் இருக்கிறது. உபரிப் பட்டையை அதில் மாட்டினேன். முதல் நாள் மாலை எல்லாவற்றையும் இறக்கியபோது அதில் ஒரு மலை. காலை பத்து நாற்பதிலிருந்து ஏழு நிமிடம். ஓடுகிற குழந்தைக்குத்தான் அப்படி வரும்.

கருவி பழுது என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதே நேரம், அதே ஏழு நிமிடம்.

பத்து நாற்பது என்ன நேரம், அக்கா?

பேனா


ஜூலை 9

பேனா,

நீ இன்னும் அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறாய். வைத்தவள் நான்தான். பேசத் தெரியாவிட்டாலும் எழுதத் தெரிந்தவள் என்ற பெருமையில் வைத்தேன்.

இங்கே எனக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் ஆலையில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி, சுற்றுகிற பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு எழுதாதே. பிள்ளைகள் அசையவில்லை என்றால் அசையவில்லை என்று எழுதிக்கொண்டு போ. அதற்குத்தானே சம்பளம். கடைசிக் கொக்கியில் எதையும் மாட்டாதே.

ஆயாம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதில் போட வேண்டாம். முழங்காலைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

ஆயாம்மாவின் முழங்கால் வீங்கித்தான் இருக்கிறது. “மாடிப்படியப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வருது” என்கிறார். ஆனாலும் நாளெல்லாம் நடையாய் நடக்கிறார். அந்தக் கட்டிடத்தில் அசைகிற ஒரே ஆள் அவர்தான்.

முழங்காலைப் பற்றி எழுதியாயிற்று. இனி நான் எழுத வந்தது.

நேற்று பெரிய மிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தினமும் பத்தரைக்கு மேல் தேநீர் குடிக்கக் கூப்பிடுவார். “உங்க மேடம் பிள்ளைங்க கம்மியா ஓடுதுன்னு எழுதுவாங்க இல்ல? எழுதட்டும். ஏன்னு நீ தெரிஞ்சுக்கோ. புதுசா யாரு வந்தாலும் இதைப் படிச்சுக் காட்டாம நான் விடறதில்ல” என்றார். இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

என் கையெழுத்து. நான் அப்போது ‘ழ’வுக்கு வால் நீளமாக இழுப்பேன்.

“மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இடைவேளையில் குழந்தைகளை ஓடவிட்டது என் தவறு. என் கவனக்குறைவால் நேர்ந்த இச்சம்பவத்திற்கு என்னை மன்னித்து, தொடர்ந்து பணிபுரிய அனுமதிக்குமாறு...”

அக்கா, எனக்கு அந்த ஒரு மாதிரிக் கடிதம்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்தாலும், சீருடை இல்லாவிட்டாலும் அதைத்தான் எழுதச் சொன்னார்கள். முதலில் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு மன்னிப்பு, பிறகு வேண்டுகோள். அப்படி எழுதினால் விட்டுவிடுவார்கள். உனக்கும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாய். “ஏதோ எழுதுடி, போட்டுத் தர்றேன்” என்றாய். படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். உண்மையைச் சொல்கிறேன், அது நல்ல கடிதம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய மிஸ் படித்து முடித்ததும் உறையை முந்தானையால் துடைத்து உள்ளே வைத்தார். நான் தேநீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். “இதை எழுதியது நான்” என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ ஊரை விட்டுப் போனது அந்தக் குழந்தை போன துக்கத்தால் என்று நாலு வருஷமாக நினைத்திருந்தேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது இதற்காகவா?

கொக்கியிலிருந்து பட்டையை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருக்கிறது. விடுமுறை தவிர, தினமும் பத்து நாற்பது.

பேனா


ஜூலை 20

பேனா,

இதற்காகத்தான்.

விசாரணையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அந்தத் தாளைப் படித்தார். நான் அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டேன். “நீயே ஒத்துக்கிட்ட பிறகு நாங்க பேச என்னம்மா இருக்கு?” என்றார். உன்மேல் பழியைப் போட்டு, “என் தங்கச்சி எழுதினதுங்க” என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு அப்போது கல்லூரியில் முதல் வருஷப் பரீட்சை.

அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? நீ பேனாவைத் திறந்துவிட்டு, “என்னக்கா நடந்துச்சு?” என்று கேட்டாய். நான், “அவன் சந்தோஷமா ஓடிக்கிட்டு இருந்தான்டி” என்றேன். அது ஒன்றுதான் சொன்னேன். நீ அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினாய்.

அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். நாலு வயது. கடைசிக் கொக்கி அவனுடையது. நேராக ஓடத் தெரியாது, சுற்றிச் சுற்றித்தான் ஓடுவான். பத்து நாற்பதுக்கு நான் விசில் ஊதுவேன், எல்லாரும் முற்றத்துக்கு ஓடுவார்கள். அன்றைக்கு அவன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினான். “மிஸ், எண்ணுங்க!” என்றான். பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது சுற்றில் தொட்டிக்குப் பின்னால் போனான். வரவில்லை. ஒளிந்துகொண்டான் என்று நினைத்து நான் சிரித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதயத்தில் பிறவியிலேயே கோளாறாம். யாருக்கும் தெரியாது. “தூக்கத்துல கூடப் போயிருக்கலாம்” என்று டாக்டர் சொன்னார். அது பெரிய மிஸ்ஸுக்கும் தெரியும்.

இங்கே இயந்திரக் கண்ணாடிக்குள் துணி சுற்றுவதைப் பார்க்கும்போது பதினொன்று வரை எண்ணிவிடுகிறேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மேற்பார்வையாளர், “என்ன, மெஷின்கூடச் சண்டையா?” என்று கேட்கிறார்.

பட்டையைப் பற்றிக் கேட்காதே. அது பேய் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போய் இந்த மூன்று வாரக் கோடுகளையும் அச்சடித்துத் தரையில் விரித்தேன். அழுகிறதற்குப் பதிலாகக் கணக்குப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

பதினான்காவது பட்டையில் மலை எழும் அதே ஏழு நிமிடம், வேறொரு பட்டை செத்துக் கிடக்கிறது. தினமும் வேறு குழந்தையுடையது. தூங்குகிற குழந்தைக்குக்கூடப் புரண்டு படுக்கும்போது ஒரு புள்ளி வரும். அதில் புள்ளியே இல்லை. அப்படியென்றால் பட்டை குழந்தையின் இடுப்பில் இல்லை.

மறுநாள் பெரிய மிஸ் தேநீருக்குக் கூப்பிட்டபோது வயிற்றுவலி என்றேன். வாழ்க்கையில் நான் தைரியமாகச் சொன்ன முதல் பொய். வகுப்பு மிஸ் வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தார். ஆயாம்மா கடைசிக் கொக்கியில் இருந்த பட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குழந்தையின் கையைப் பிடித்து, “வா, ஒண்ணுக்குப் போவோம்” என்று கூட்டிப் போனார். குழந்தை யார் தெரியுமா? சுண்டெலி என்று கூப்பிடுவோம், குரலே வெளியே வராது. நான் பின்னால் போனேன்.

கழிப்பறையின் பின்கதவு முற்றத்துத் தொட்டிக்குப் பின்னால் திறக்கிறது. அங்கே ஆயாம்மா அவள் பட்டையை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்தார். அவள் அழப் பார்த்தாள். பட்டையைக் கழற்றக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உடனே பதினான்கைக் கட்டிவிட்டார். குழாயடியில் வாளியை வைத்துத் திறந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அந்தச் சுண்டெலி ஓடினாள், அக்கா. தொட்டியைச் சுற்றி, வாயைத் திறந்துகொண்டு, சத்தமே இல்லாமல். வாளி நிறைந்ததும் நின்றாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆயாம்மா அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். முகத்தைத் துடைத்துவிட்டார். பட்டையை மாற்றினார்.

என்னைப் பார்த்ததும் அவர் பயப்படவில்லை. “பேரில்லாத பட்டைன்னு நீதானம்மா சொன்ன? ஓடினது பிள்ளைங்க பேர்ல வந்தாத்தானே பெரிய மிஸ்ஸுக்குத் தெரியும்? அதான் பேரில்லாதவன் பேர்ல எழுதிட்டேன்” என்றார்.

“எத்தனை நாளா நடக்குது?”

“நாலு வருஷமா. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. அதுக்கு மேல முழங்கால் கேக்கல. கண்ணு, நீ அவ தங்கச்சிதானே? அதே மூக்கு.”

நீ ஏன் சொல்லவில்லை?

பேனா


ஆகஸ்ட் 2

பேனா,

சொன்னால் எழுதிவிடுவாய் என்றுதான். உன் கையில் எது கிடைத்தாலும் காகிதமாகிவிடும்.

நான் கிளம்பிய அன்று ஆயாம்மா வாசல் வரை வந்தார். முற்றத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றார். “ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையாவது ஓடட்டும்மா, காலடிச் சத்தம் கேக்காம குழாயத் திறந்து விடு” என்றேன். வாளி நிறைய ஏழு நிமிடம் ஆகும். அது அளவாக இருக்கும் என்று நினைத்தேன். பாவம், அந்த முழங்காலோடு நாலு வருஷம் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தால் உன்னை மன்னிக்கவே மாட்டேன். இப்போது மன்னித்துவிட்டேன் என்றும் அர்த்தமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்காவுக்கு,

ஆயாம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தேன்.

நேரில் பேச முடியாது என்பதால் பெரிய மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை ‘பணிவுடன்’ இல்லை, ‘மேலான கவனம்’ இல்லை. “உறையில் உள்ள கடிதம் என் அக்கா சொன்னதல்ல. நான் என் அறியாமையில் எழுதியது. அவள் சொன்னது இது ஒன்றுதான்: அவன் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தான். அந்த வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். நான் எழுதிய வாக்கியத்தால் பதின்மூன்று குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.” கூடவே அந்தக் கோடுகளையும் வைத்தேன், பதினான்காவதைத் தவிர.

அவர் எதிரிலேயே படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்தக் காகிதம் இல்லன்னா, அதை நான்தான்மா எழுதியிருக்கணும். விளையாட்டு நேரத்தை வெச்சவ நான். உங்க அக்கா எழுதிக் குடுத்ததும் எனக்கு நிம்மதியாப் போச்சு” என்றார். பிறகு, “தூங்கற நேரத்துல நான் ஒவ்வொரு பிள்ளை நெஞ்சுலயும் கை வெச்சுப் பார்ப்பேன். நீ பார்த்திருப்ப. தூக்கத்துலகூடப் போகும்னு டாக்டர் சொன்னாரே. தூங்காதேன்னு பூட்டுப் போட முடியுமா?” என்றார்.

அவர் கேட்டபடி ஒரு டாக்டர் வந்து பதின்மூன்று பேரையும் சோதித்தார். எல்லாருக்கும் நெஞ்சு சரியாக இருக்கிறது. நேற்று முற்றத்துப் பூட்டைத் திறந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்ததால் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

குழந்தைகள் ஓடவில்லை, அக்கா.

வாசற்படியில் நின்று பார்த்தார்கள். வகுப்பு மிஸ், “போங்க, விளையாடுங்க” என்றார். அவர்கள் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ஆயாம்மா விடுப்பில் இருந்தார், முழங்காலுக்கு ஊசி போடப் போயிருந்தார். பெரிய மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, குழாய்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சொன்னால் ஆயாம்மா மாட்டிக்கொள்வார். நேரம் முடிந்ததும் அதே வரிசையில் உள்ளே போய்த் தங்கள் கட்டத்தில் உட்கார்ந்தார்கள். நான் கட்டத் தொடங்கியதிலிருந்து எல்லாப் பட்டைகளும் தரையோடு தரையாக இருந்தது நேற்றுத்தான்.

பெரிய மிஸ் மாலையில் கேட்டார்: “உங்க அக்கா ஒரு நாள் வருவாளா? கேக்கற உரிமை எனக்கு இல்ல. ஆனா கேளு.”

கேட்டுவிட்டேன்.

பேனா


ஆகஸ்ட் 22

பேனா,

அந்தப் படியில் கால் வைத்தால் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இங்கே தெருவில் எந்தக் குழந்தை ஓடினாலும் “உட்காரு” என்று கத்திவிடுகிறேன். போன மாதம் ஒரு அம்மா என்னைத் திட்டினாள். பெரிய மிஸ் போட்ட பூட்டு அவர் பள்ளிக்கு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவேன். பேருந்து நிலையத்துக்கு வந்து அழுது வைக்காதே. கடைசிக் கொக்கியில் அந்தப் பட்டையை மாட்டி வை.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

வண்டி ஏறியபோது உன் கை என் தலையில் இருந்தது. நீ பார்க்காததை மட்டும் எழுதுகிறேன். நீ தொட்டிப் பக்கம் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

நீ குழாயடிக்குப் போய் வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டதும் ஆயாம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. கவிழ்த்த வாளி நிறையாது.

நீ குழாயைத் திறந்தாய். வாளியின் அடியில் தண்ணீர் விழுந்து தடதடவென்று சத்தம். வரிசையில் முதலில் நின்றது சுண்டெலி. அவள் ஓடினாள். இரண்டாவது பையன் தன் முறைக்காகக் காத்திருந்தான். வாளி நிறைகிறதா என்று எட்டிப் பார்த்தான். நிறையவில்லை. பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். பிறகு அவனும் ஓடினான். அதற்கப்புறம் யார் முன்னால், யார் பின்னால் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். ஒருவன் அழுதான், அழுதுகொண்டே ஓடினான். ஊமை மாதிரி இருந்த வகுப்பு கத்துகிறது என்று பக்கத்துக் கட்டிடத்து ஜன்னல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஏழாவது நிமிடம் உன் கை தானாகக் குழாயை மூடப் போனது. மேலே ஒரு கை வந்து உன் கையைப் பிடித்ததே, அது ஆயாம்மா என்று நினைத்திருப்பாய். பெரிய மிஸ். அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதனால் அவரும் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் உங்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

பதினொன்றுக்குப் பிறகு நீ பன்னிரண்டு என்று சொன்னது எனக்குக் கேட்டது. பதின்மூன்றும் கேட்டது. அதற்கு மேல் சத்தத்தில் கேட்கவில்லை.

மாலையில் பட்டைகளை இறக்கினேன். இருபத்திரண்டு நிமிடம், பதின்மூன்று மலை. மேடம் இரண்டு தடவை கருவியைச் சரிபார்க்கச் சொன்னார்.

பதினான்காவது பட்டை நீ சொன்னபடி கொக்கியிலேயே இருந்தது. ஆயாம்மா அன்றைக்கு முழுவதும் உன் பக்கத்தில்தான் நின்றார். வகுப்பில் யாரும் இல்லை. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெயிலில் கிடந்தது மாதிரி சூடாக இருந்தது. அந்தச் சுவரில் வெயில் விழுவதில்லை.

அதை நான் கணினியில் இறக்கவில்லை, அக்கா. அறிக்கையில் ‘உபரி, பயன்படுத்தவில்லை’ என்று எழுதிவிட்டு, திரும்ப அதே கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.

உன் பேனா